குண்டு தீந்தா கை எங்க போகுது? விஆர் துப்பாக்கி கேம்களை ஒப்பிடுவோம் வாங்க

முதுநகர்_மாலுமி | கடலூர் | ஞாயிறு இரவு 10.40

மச்சான் துபாய்ல இருந்து வரும்போது குவெஸ்ட் 3ன்னு கண்ணுல மாட்டி ஆடுற விஆர் ஹெட்செட் ஒண்ணு கொண்டாந்து குடுத்து மூணு மாசம் ஆகுது. அன்னைலேர்ந்து துப்பாக்கி கேமா வாங்கித் தள்ளிட்டு இருக்கேன். ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ், பாவ்லோவ், ஆன்வர்ட், கான்ட்ராக்டர்ஸ், பாப்புலேஷன்: ஒன். எந்த வீடியோவைப் பாத்தாலும் கிராஃபிக்ஸுக்கு இத்தனை மார்க், சத்தத்துக்கு இத்தனை மார்க்னு போட்டு முடிச்சிடுறாங்க. எனக்கு அந்தக் கணக்கு ஒத்து வரல. விஆர்ல துப்பாக்கி கேமை எடை போட ஒரே கேள்வி போதும். குண்டு தீந்து போச்சு, எதிரி பத்தடியில வர்றான், இப்ப ரெண்டு கையும் என்ன பண்ணும்?

டிவி முன்னாடி உக்காந்து ஆடுறப்ப ஒரு பட்டனைத் தட்டினா ரீலோட் ஆயிடும், துப்பாக்கியில குண்டு ரொம்பிடும். இங்க அது நம்ம வேலை. அலிக்ஸ்ல பட்டனை அமுக்கினா காலி மேகசின், அதான் குண்டு அடைச்ச டப்பா, கீழ விழும், தோளுக்குப் பின்னாடி கையை விட்டு புது மேகசினை எடுக்கணும், சொருகணும், ஸ்லைடை விடணும். சும்மா இருக்கும்போது மூணு செகண்டு வேலை. ஹெட்கிராப்னு ஒரு ஜந்து மூஞ்சிக்கு நேரா எகிறும்போது அதே வேலை முப்பது செகண்டு. மேகசினைக் கீழ போட்டுட்டு இருட்டுல தடவிட்டு இருந்திருக்கேன். அந்த கேம்ல ரீலோட்னா பயம். அதுக்குத்தான் வச்சிருக்காங்க.

பாவ்லோவ்ல மேகசின் இடுப்புல. அங்க ரீலோட்னா வேகம். பழகினவன் எதிராளி ஒரு தடவை மாத்துறதுக்குள்ள ரெண்டு தடவை மாத்திட்டுப் போயிடுறான். ஆன்வர்ட்ல நெஞ்சுப் பையில. திரையில குண்டு எண்ணிக்கையும் கிடையாது, குறி பாக்குற கூட்டல் குறியும் கிடையாது. சுடச்சுட மனசுக்குள்ள எண்ணணும். "மாத்துறேன், பாத்துக்கோ"ன்னு பக்கத்துல இருக்கறவன்கிட்ட சொல்லிட்டுத்தான் மாத்த முடியும். அதனால அங்க ரீலோட்னா கூட்டாளி. கான்ட்ராக்டர்ஸ் இதுக்கு நடுவுல. பாப்புலேஷன்: ஒன்ல ரீலோட் ஒண்ணும் பெரிசில்ல, ஏன்னா அதுல கைக்கு வேற வேலை இருக்கு. சுவரைப் பிடிச்சு ஏறணும், ரெண்டு கையையும் விரிச்சு மிதக்கணும், உயிர் கொறஞ்சா வாழைப்பழம் உரிச்சுத் திங்கணும். நெஜமாவே வாழைப்பழம்தான்.

இன்னொரு கஷ்டமும் இருக்கு. ரெண்டு நாள் அலிக்ஸ் ஆடிட்டு பாவ்லோவுக்குள்ள போனா கை தானா தோளுக்குப் போகுது. இடுப்புக்குக் கொண்டாறதுக்குள்ள செத்துடுறேன்.

என் வரிசை: ஆன்வர்ட், அலிக்ஸ், பாவ்லோவ், கான்ட்ராக்டர்ஸ், கடைசியா வாழைப்பழம். அடிக்க வர்றவங்க வரலாம்.


லாஸ்பேட்டை_லோகு | புதுச்சேரி | ஞாயிறு இரவு 11.05

மௌஸை ஒரு இஞ்ச் நகத்தினா முடியிற வேலைக்கு நெஞ்சுல தேடுறான், இடுப்புல தேடுறான். இது கேமா, சாவிக்கொத்து தொலைச்சவன் கதையா?


மிஷன்வீதி_கேம்சென்டர் | புதுச்சேரி | திங்கள் காலை 9.15

மாலுமி தம்பி, எழுதினது நல்லா இருக்கு. ஆனா அது மூணு மாசம் ஆடினவங்க பேச்சு. நான் விஆர் சென்டர் வச்சிருக்கேன். சனி ஞாயிறுல டூரிஸ்ட் கூட்டம், பாதிப் பேரு வாழ்க்கைல மொத தடவை ஹெட்செட் மாட்டுறவங்க. அவங்ககிட்ட ரீலோட் எங்கன்னு நான் கேக்க மாட்டேன். சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சுன்னுதான் கேப்பேன்.

ஆரம்பத்துல ஒரு பையனுக்கு பாவ்லோவ் போட்டு விட்டேன். நேரா பிரியாணிக் கடையில இருந்து வந்திருக்கான், எனக்குத் தெரியல. கன்ட்ரோலர் குச்சியைத் தள்ளி ஓட ஆரம்பிச்சான், நாலாவது நிமிஷம் எல்லாத்தையும் என் தரையில எடுத்துட்டான். அன்னைலேர்ந்து ஒரு சட்டம் போட்டுட்டேன்.

காரணம் எளிமைதான். கண்ணு ஓடுறோம்னு சொல்லுது, உள்காது நிக்கிறோம்னு சொல்லுது. மூளைக்கு யாரை நம்புறதுன்னு தெரியல, வயித்தைக் கலக்கி விட்டுடுது. தலையைத் திருப்பினதுக்கும் படம் மாறுறதுக்கும் நடுவுல 20 மில்லிசெகண்டுக்கு மேல போனா நிக்கிற இடத்துலயே சுத்தும்.

அதனால மொத தடவை வர்றவங்களுக்கு சூப்பர்ஹாட் விஆர். 2016ல வந்தது, இன்னைக்கும் அதுக்கு ஈடு இல்ல. நீங்க அசைஞ்சாத்தான் நேரம் ஓடும், நீங்க நின்னா குண்டும் காத்துல நிக்கும். குச்சி வச்சு நடக்கிற வேலையே இல்ல. அதுல ரீலோடே கிடையாது தம்பி! குண்டு தீந்தா துப்பாக்கியையே தூக்கி எதிரி மண்டையில எறியணும். உங்க கேள்விக்கு அதுவும் ஒரு பதில்தானே?

ரெண்டாவது பிஸ்டல் விப். பாட்டு தாளத்துக்குச் சுடுறது. அது நம்மளை முன்னால கொண்டு போகும், ஆனா ஒரே சீரா நேரா போறதால பெரும்பாலும் தாங்குது. துப்பாக்கியைத் தரையைப் பாத்துத் தாழ்த்தினா ரீலோட். ஐம்பது வயசு அம்மா ஒருத்தங்க புடவையைச் செருகிட்டு மூணு பாட்டு ஆடினாங்க, கூட வந்த மகனுக்குத்தான் கூச்சம்.

வீட்டுல ஆடுறவங்களுக்கு ரெண்டு டிப்ஸ். காலடியில கோரைப்பாய் போட்டுக்கோங்க. பாய் விட்டு கால் எறங்கினதும் தெரியும், சுவத்துல முட்ட மாட்டீங்க. பெடஸ்டல் ஃபேனை ஒரு பக்கமா வைங்க. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அதுதான் முன்பக்கம்னு உடம்புக்கு ஒரு பிடிமானம் கிடைக்கும், குமட்டலும் கொறையும். நம்ம ஊர் புழுக்கத்துக்கு லென்ஸ் ஆவி பிடிக்கறதும் நிக்கும்.


முதுநகர்_மாலுமி | திங்கள் காலை 9.50

அண்ணே, துப்பாக்கியை எறியிறதும் ஒரு பதில்தான், ஒத்துக்கிறேன். ஆனா ஃபேன்னு சொல்லும்போது சீலிங் ஃபேனை ஆஃப் பண்ணுங்கன்னும் சேத்து எழுதுங்க. எங்க வீடு பழைய ஓட்டு வீடு, விட்டம் தாழ்வு. பாப்புலேஷன்: ஒன்ல சுவர் ஏறுறேன்னு கையைத் தூக்கினேன். கன்ட்ரோலர் பொழைச்சுது, விரல் நகம் பொழைக்கல. சண்டைல அடிபட்டுதான்னு கேட்டவங்ககிட்ட ஆமான்னு சொல்லிட்டேன்.


வில்லியனூர்_இடக்கை | புதுச்சேரி | திங்கள் இரவு 8.30

ரீலோட் பத்தி இவ்வளவு பேசிட்டு இருக்கீங்க, யாராவது தோளுக்குப் பின்னாடி கையை விடும்போது பின்னல் மாட்டிக்கும்னு யோசிச்சீங்களா? அலிக்ஸ்ல மேகசின் எடுக்கப் போற ஒவ்வொரு தடவையும் என் பின்னல் கையோட வரும். கொண்டை போட்டா ஹெட்செட் பட்டை உக்காராது. கடைசியில பின்னலை முன்பக்கம் போட்டு ஜாக்கெட்டுக்குள்ள செருகிட்டு ஆடினேன்.

அதோட நான் இடது கைக்காரி. மெனுவுல கை மாத்துறதுக்கு வழி இருக்கு. ஆனா துப்பாக்கியோட உருவத்தை மாத்த முடியாதே. குண்டை உள்ள ஏத்த இழுக்கிற கைப்பிடி நிஜத்துல எந்தப் பக்கம் இருக்கோ அப்படியேதான் கேம்லயும் செஞ்சிருக்காங்க. கைப்பிடி இடப்பக்கம் இருக்கிற எம்பி5 எடுத்தா நான் வலது கையைத் துப்பாக்கிக்கு மேலயோ கீழயோ சுத்திக் கொண்டு போய் இழுக்கணும். பாவ்லோவ்ல அதுல ஒரு செகண்டு போகும், அந்த ஒரு செகண்டுதான் பாவ்லோவ். அலிக்ஸ்ல இந்தப் பிரச்சினை ரொம்பக் கம்மி. பிஸ்டல், ஷாட்கன், எஸ்எம்ஜி மூணுமே ஒத்தைக் கையில பிடிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க, இன்னொரு கை கதவைத் திறக்கவும் பொருளை இழுக்கவும் காலியா இருக்கணும்னு.

ஜெஃப் வர்ற அத்தியாயத்தை யாருமே சொல்லலையே? கண்ணு தெரியாத பூதம், சத்தம் கேட்டா வந்துடும். இருமல் வரக்கூடாதுன்னு ஒரு கையால நம்ம வாயை நாமளே பொத்திக்கணும். இன்னொரு கையால கதவு. அலமாரியில இருந்து பாட்டில் உருண்டா பிடிக்கணும். அந்த அரை மணி நேரம் நான் ஒரு குண்டு சுடல. மாலுமி சார் கேள்வியையே நான் மாத்துறேன்: துப்பாக்கி கேம்ல துப்பாக்கி இல்லாதப்ப கை என்ன பண்ணுது? அதுல அலிக்ஸ் பக்கத்துல எதுவும் நிக்காது. 2020ல வந்ததை இன்னும் யாரும் தாண்டல.


லாஸ்பேட்டை_லோகு | திங்கள் இரவு 9.10

அக்கா சொன்னது சரி, வாயைப் பொத்துறது மௌஸ்ல வராது. ஒரு பாயின்ட் உங்களுக்கு.

நான் விஆர் தெரியாம பேசல. ஆன்வர்ட் ஆரம்ப காலத்துல பிசில ஆடினவன் நான். 2016ல வந்தப்ப அதுக்கு ஈடே இல்ல. 2020ல குவெஸ்டுக்குக் கொண்டு போனப்ப பிசில ஆடுறவங்களுக்கும் சேத்து கிராஃபிக்ஸை எறக்கிட்டாங்க. புல்லு போச்சு, மரம் போச்சு. புல்லுல படுத்து ஒளியிற கேம்ல புல்லு இல்லன்னா எப்படி? பழைய ஆட்கள் கொதிச்சுப் போனாங்க, நானும் அன்னைக்கு ஹெட்செட்டைக் கழட்டி வெச்சவன்தான். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சரி பண்ணாங்க. மனசு ஒட்டல. ஆன்வர்டை மொத இடத்துல வெச்சிருக்கியே மாலுமி, அதைப் பாத்துதான் வயித்தெரிச்சல்ல சாவிக்கொத்துன்னு எழுதினேன். வேற ஒண்ணுமில்ல.


நெல்லிக்குப்பம்_நியூபி | கடலூர் மாவட்டம் | செவ்வாய் காலை 7.45

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். கம்ப்யூட்டர் கிடையாது. ஹெட்செட் மட்டும்தான் வாங்கப் போறேன். குவெஸ்ட் 3எஸ் போதுமா, 3 வேணுமா? எந்த கேம் வாங்கலாம்? வீட்டுல மொட்டை மாடி பெருசா இருக்கு, அங்க ஆடலாம்னு இருக்கேன்.


மிஷன்வீதி_கேம்சென்டர் | செவ்வாய் காலை 10.20

தம்பி, மொதல்ல மாடியை மறந்துடு. பகல்ல போனா வெயில் லென்ஸ் வழியா உள்ள போய் ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா சுட்டுடும். சின்ன வயசுல பூதக்கண்ணாடி வெச்சு பேப்பரை எரிச்சோமே, அதேதான். ராத்திரி போனா ஹெட்செட் கேமராவுக்கு வெளிச்சம் பத்தாது, கை எங்கயோ மிதக்கும். எல்லாத்துக்கும் மேல, கைப்பிடிச் சுவர். வேணாம்.


முதுநகர்_மாலுமி | செவ்வாய் காலை 11.00

கம்ப்யூட்டர் இல்லன்னா அலிக்ஸ் கணக்குல இல்ல, அது பிசிக்கு மட்டும்தான். என்கிட்ட இருக்கிற பிசில ஓட்டி வைஃபை வழியா ஹெட்செட்டுக்கு அனுப்பி ஆடுறேன். பிசியை ரவுட்டரோட கேபிள்ல கட்டணும், ஹெட்செட் 5 கிகாஹெர்ட்ஸ்ல இருக்கணும். ரவுட்டர் பக்கத்து ரூம்ல இருந்தாலே இடறுது.

3எஸ், 3 ரெண்டுலயும் சிப் ஒண்ணுதான். கேம் ஓடுற வேகத்துல பெருசா வித்தியாசம் தெரியாது. கண்ணுல படுறதுலதான் வித்தியாசம். 3எஸ்ல ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920, 3ல 2064க்கு 2208. லென்ஸும் 3ல நல்லது, ஓரம் வரைக்கும் தெளிவு. சூப்பர்ஹாட் ஆட 3எஸ் தாராளம். ஆன்வர்ட்ல தூரத்துல வர்ற எதிரி நாலு புள்ளிதான், அந்த நாலு புள்ளி மனுஷனா மரக்குச்சியான்னு தெரிய 3 உதவும். நான் சுட்ட மரக்குச்சிகளே அதுக்கு சாட்சி.

மொதல்ல பாப்புலேஷன்: ஒன் எடுத்துப் பாரு. 2023லேர்ந்து காசு இல்லாம கிடைக்குது. வயிறு தாங்குதான்னு தெரிஞ்சிக்கிட்டு அப்புறம் காசு போடு. திரும்புறதை ஸ்னாப் டர்ன்ல வை, கழுத்தைத் திருப்புற மாதிரி படார் படார்னு மாறும், வழுக்கிட்டே சுத்தாது. தலை லேசா கனக்குதுன்னா அங்கயே கழட்டிடு. தாங்கிக்கிட்டு ஆடினா பழகிடும்னு சொல்றவன் பேச்சைக் கேக்காத. நான் கேட்டு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல.


பண்ருட்டி_முந்திரி | செவ்வாய் மாலை 6.30

ரீலோடைப் பற்றிய இழையில் 'இன்டு தி ரேடியஸ்' பெயரே வரவில்லை என்பது எனக்கு வருத்தம். மற்ற கேம்களில் மேகசின் நிரம்பியே வருகிறது. யார் நிரப்பினார்கள்? இதில் நாம்தான் நிரப்ப வேண்டும். மேசையில் குண்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு கையில் மேகசின், மறு கையில் குண்டு, ஒன்று ஒன்றாகத் தள்ள வேண்டும். துப்பாக்கியைத் துடைக்காமல் விட்டால் அழுக்கு சேர்ந்து சண்டை நடுவில் சிக்கிக்கொள்ளும். ஆகவே வேட்டை முடிந்து அறைக்குத் திரும்பியதும் அரை மணி நேரம் துப்பாக்கி துடைப்பதும் குண்டு ஏற்றுவதும்தான் வேலை.

எங்கள் வீட்டில் முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுப்பார்கள். கை வேலை செய்துகொண்டே இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும். எனக்கு அந்த நிதானம் இந்த கேமில் கிடைக்கிறது. வெளியே போய்ச் சுடுவதைவிட உள்ளே உட்கார்ந்து குண்டு ஏற்றுவது பிடிக்கிறது என்று சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மாலுமி சொன்ன அளவுகோல் சரியென்றால் முதலிடம் இதற்குத்தான் போக வேண்டும்.

பிசி வைத்திருப்போர் எச்3விஆரையும் பார்க்கலாம். எதிரிகள் எல்லாரும் சாசேஜ் மனிதர்கள், ரத்தம் கிடையாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதனதன் விசை, அதனதன் பூட்டு. ஒரு பழைய ரைஃபிளை எப்படித் திறப்பது என்றே இருபது நிமிடம் திணறினேன். தனியாகத்தான் ஆட முடியும், வெளியாட்களோடு மோத வழியில்லை.


வில்லியனூர்_இடக்கை | செவ்வாய் இரவு 7.50

சாசேஜுக்கு மட்டும் ரத்தம் இல்லாதது நல்லது. எங்க வீட்டுல அம்மா பின்னாடி நின்னு பாப்பாங்க.


சொல்தா_பேரன் | புதுச்சேரி | புதன் இரவு 9.20

ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன், இன்னைக்கு எழுத விஷயம் கிடைச்சுது. எங்க தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டயர் ஆன சொல்தா. எங்க தெருவுல அந்த மாதிரி நாலஞ்சு வீடு இருக்கு. நான் ஆடுறதை நாற்காலியில உக்காந்து பாத்துட்டே இருப்பாரு, நேத்து "குடு"ன்னு கையை நீட்டினாரு.

பாவ்லோவ்ல பாட்களை, அதாவது கம்ப்யூட்டர் எதிரிகளை மட்டும் போட்டு எம்4 ரைஃபிள் குடுத்தேன். மொத மேகசின் ஒழுங்கா சுட்டாரு. ரீலோட் பண்ணும்போது பாத்தா இடது கை துப்பாக்கிக்கு முன்னால போகல, பின்னால அக்குள் பக்கம் போய்த் தடவுது. "மேகசின் எங்கடா?"ன்னு கத்துறாரு. எனக்குப் புரியல. அப்புறம்தான் சொன்னாரு, அவரு தூக்கினது ஃபமாஸ். அதுல மேகசின் விசைக்குப் பின்னாடி இருக்கும், கன்னத்துக்குக் கீழ. 25 குண்டு. எம்4ன்னு கண்ணு சொன்னாலும் கை ஃபமாஸ்னே நினைக்குது. சர்வீஸ் முடிஞ்சு எவ்வளவோ வருஷம் ஆச்சு.

மாலுமி சொன்னாரே, ரெண்டு நாள் அலிக்ஸ் ஆடினா கை தோளுக்குப் போகுதுன்னு. ரெண்டு நாளுக்கே அப்படின்னா பதினஞ்சு வருஷத்துக்கு எப்படி இருக்கும்!

அவரோட அடுத்த குறை எடை. "இது என்னடா, தீப்பெட்டி தூக்குற மாதிரி இருக்கு. எங்களுது மூணரை கிலோவுக்கு மேல. எடை இல்லாததாலதான் உங்க எல்லாருக்கும் கை ஆடுது"ன்னாரு. அது சரிதானா?


மிஷன்வீதி_கேம்சென்டர் | புதன் இரவு 10.00

நூத்துக்கு நூறு. ரெண்டு கன்ட்ரோலரும் காத்துல தனித்தனியா இருக்கு, நடுவுல கட்டை இல்ல. நிஜத் துப்பாக்கியில பின்கட்டை தோள்ல அழுந்தும், அதுதான் கையை நிறுத்தும். இங்க அழுந்த ஒண்ணுமில்ல. தூரத்துல குறி பாக்கும்போது முன்கை ஒரு மில்லிமீட்டர் ஆடினா அங்க ஆளையே தாண்டிப் போயிடும்.

அதுக்குத்தான் கன்ஸ்டாக் விக்கிறாங்க, ரெண்டு கன்ட்ரோலரையும் ஒரே கம்பியில பூட்டி தோளுக்கு வர்ற மாதிரி. சென்டர்ல நான் பிவிசி பைப் வெட்டி காந்தம் வெச்சு செஞ்சிருக்கேன், செலவு கம்மி. ஆன்வர்டுக்கு அருமை. ஆனா பாவ்லோவ்ல வேகமா பிஸ்டலுக்கு மாறணும்னா அது இடைஞ்சல். இன்னொரு விஷயம், கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல கன்ட்ரோலரைக் கொண்டு போனாலோ ஒண்ணை ஒண்ணு மறைச்சாலோ ஹெட்செட் கேமராவுக்குத் தெரியாது, துப்பாக்கி துள்ளும். கொஞ்சம் தள்ளி வெச்சுக் குறி பாக்கப் பழகணும்.

தாத்தாவுக்கு ஆன்வர்ட் குடுத்துப் பாருங்க. பாவ்லோவ் அவருக்கு இல்ல.


லாஸ்பேட்டை_லோகு | புதன் இரவு 10.15

தாத்தா ஆடும்போது எனக்கும் ஒரு மெசேஜ் போடுப்பா. ஹெட்செட்டைப் பரண்ல இருந்து எறக்குறேன்.


சொல்தா_பேரன் | ஞாயிறு காலை 11.30

நேத்து சாயந்தரம் நடந்தது. லோகு அண்ணனும் மாலுமியும் ஆன்லைன்ல வந்தாங்க, கம்ப்யூட்டர் எதிரிகளோட மோதுற மாதிரி ஆன்வர்ட்ல ஒரு ஆட்டம். கேம்சென்டர் அண்ணன் பைப் ஸ்டாக்கைக் குடுத்து அனுப்பியிருந்தாரு. அதைத் தோள்ல வெச்சதும் தாத்தா முகம் மாறிடுச்சு.

ரேடியோல பேசணும்னா தோள்பட்டை கிட்ட கையை வைக்கணும்னு சொன்னேன். "அது எனக்குத் தெரியும்"ன்னாரு. அப்புறம் இருபது நிமிஷம் ஒரு குண்டு சுடல. லோகு அண்ணன் ஓடும்போதெல்லாம் தாத்தா ரேடியோல அதட்டுறாரு. கட்டிலுக்குப் பக்கத்துல நெஜமாவே தரையில படுத்துட்டாரு, பாட்டி பயந்து போய் ஓடி வந்தாங்க. மூணு எதிரி ஒரே வாசல் வழியா வந்தாங்க. மூணு சுடு, மூணு பேரு. மாலுமி செத்து ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு.

அப்புறம் மேகசின் மாத்தினாரு, இந்தத் தடவை கை முன்னால சரியாப் போச்சு. காலி மேகசின் கீழ விழுந்துச்சு. ஆட்டம் நடந்துட்டு இருக்கும்போதே குனிஞ்சு எங்க வீட்டுத் தரையைத் தடவிக்கிட்டு இருக்காரு. என்ன தாத்தா தேடுறீங்கன்னு கேட்டா, "காலி மேகசினை விட்டுட்டுப் போகக்கூடாதுடா, கணக்கு கேப்பாங்க"ன்னாரு.


முதுநகர்_மாலுமி | ஞாயிறு மதியம் 12.10

நான் செத்தது சிக்னல் பிரச்சினையால. அதை எழுதாம விட்டுட்ட.

அடுத்த சனிக்கிழமை ஏழு மணிக்கு மறுபடி வர்றாரான்னு கேட்டுச் சொல்லு. இடக்கை அக்கா, பண்ருட்டி சார், நீங்களும் வாங்க, அஞ்சு பேர் ஆயிடும். சீலிங் ஃபேனை ஆஃப் பண்ணிட்டு வாங்க.